நடு ஹால் ஃபேன்

குடியை விட்டவர்கள் கூடும் இடத்தை மனைவிதான் விசாரித்துச் சொன்னாள். வாயையே திறக்கக் கூடாது என்ற முடிவோடு உள்ளே நுழைந்த எலக்ட்ரீஷியன் அண்ணாந்து பார்த்தான். போன வருஷம் இவன் வேலை பார்த்த அதே ஹால்! நடுவில் இவன் மாட்டிய ஃபேன், லேசாக ஆடியபடி சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த அம்மாள் பக்கத்து நாற்காலியைத் தட்டினாள்.

"வாங்க தம்பி, இங்கதான் நல்லா காத்து வருது."

பாவி மனசு வாசலைத்தான் பார்த்தது. கால் நகரவில்லை.

"புதுசா வந்தவர் ஏதாவது சொல்றீங்களா?" என்றார் கூட்டத்தை நடத்துபவர்.

"மொதல்ல எல்லாரும் தள்ளி உக்காருங்க," என்றான். "அந்த ஃபேனை மாட்டினது நான்தான். அன்னைக்கு முழு போதை. போல்ட்டை முடுக்கினேனான்னே ஞாபகம் இல்ல."