அம்பாசடரின் முன்கண்ணாடி

சுபலட்சுமி மூச்சைப் பிடித்துக்கொண்டு இடுக்கியை இறக்கினாள். அதன் நுனியில் இரண்டு விரல் அகலக் கண்ணாடி ஒன்று நடுங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடி என்று பேர்தானே தவிர, இனிப்புப் பெட்டியின் மூடியிலிருந்து வெட்டிய பிளாஸ்டிக். கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்த அவள் புருஷன் விஜயராகவன், உடம்பில் மிச்சமிருந்த உயிரையெல்லாம் கண்ணுக்குக் கொண்டுவந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மொதல்ல மேல் விளிம்பு. அப்பறம் கீழ."

"தெரியுது. நீங்க பேசாம இருங்க. நீங்க பேசுனா எனக்குக் கை ஆடுது."

கல்யாணமான நாளிலிருந்து இந்தச் சின்ன வண்டிகளில் ஒன்றைக்கூட அவள் தொட்டதில்லை. தொட விட்டால்தானே. கச்சிராயபாளையம் ரோட்டில் ஒரு டிங்கரிங் பட்டறையில் பகலெல்லாம் நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்திவிட்டு, வீட்டுக்கு வந்தால் மறுபடியும் கார்தான். இருபத்து நாலில் ஒரு பங்கு அளவு. அந்தக் கணக்கில் ஒரு ஆள் அவள் நடுவிரல் உயரம்தான் இருப்பானாம். பி.வி.சி. ஷீட்டில் உடம்பு, பேனா ரீஃபிலில் புகைக்குழாய், கொசுவலையில் முன்பக்கக் கம்பி வலை, மாத்திரை அட்டையின் குமிழில் ஹெட்லைட். அலமாரி நிறைய நின்ற அந்த வண்டிகளைத் துடைக்கக்கூட அவன் விட்டதில்லை. அந்த அலமாரியிடம் சக்களத்திச் சண்டை போட்டு அலுத்துப்போனவள் சுபலட்சுமி.

இப்போது கையில் இருப்பது அம்பாசடர். அதிலும் ஹாட் ராட். பழைய காரின் கூரையை அறுத்துத் தாழ்த்தி, பானட்டைக் கழற்றிப் போட்டு, எஞ்சின் வெளியே தெரிய, பின்சக்கரத்தை மட்டும் தடியாக மாட்டி ஓட்டுவது அமெரிக்காக்காரன் வழக்கமாம். செல்போனில் பார்த்ததிலிருந்து இவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. "பானட்டு இல்லாத வண்டில எவன் ஏறுவான்? மழைல நனையாது?" என்று அவள் கேட்டபோது, "நம்மூட்டு வண்டிடி, மழையில வெளிய எடுக்க மாட்டேன்," என்று சிரித்தான். அப்போது நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தான். வயிற்றில் கட்டி என்று தெரிந்தது அதற்குப் பிறகுதான்.

புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரியில், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். படுத்த படுக்கையிலும் தலையணையை முட்டுக்கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக வண்டியை முடித்துவிட்டான். கடைசியில் முன்கண்ணாடி மட்டும் பாக்கி. அதற்குள் கையில் தெம்பு போய்விட்டது. இன்று காலை, "நீயே வை," என்று இடுக்கியை அவளிடம் நீட்டினான். அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் கண் மறைக்கும் என்று விழுங்கிக்கொண்டாள்.

"கண்ணாடிக்கு வெள்ளப் பசை போடு. காலைல வரைக்கும் காயட்டும்."

காலை வரைக்கும். அங்கேதான் அவள் தயங்கினாள். சற்று முன்புதான் டிரிப்ஸ் மாற்ற வந்த நர்ஸம்மா அவன் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவளை வாசலுக்கு அழைத்துப் போய், "சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடுங்கம்மா," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். காலையை யார் கண்டது? இந்த வண்டி முழுசாவதை அவன் பார்த்துவிட்டுப் போக வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அவன் கண் மூடியிருந்த சமயம் பார்த்து, வெள்ளைப் பசையை ஒதுக்கிவிட்டு, சட்டென்று பிடிக்கும் குயிக் பசையைக் குண்டூசி நுனியால் விளிம்பெல்லாம் தடவினாள். கண்ணாடி கச்சிதமாக உட்கார்ந்தது. ஃபேன் காற்றில் தூசு விழக்கூடாதே என்று ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து வண்டிக்கு மேல் கவிழ்த்தும் வைத்தாள். தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

சாயங்காலம் டப்பாவைத் தூக்கியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடி முழுக்க வெள்ளை வெளேரென்று பூத்துப்போயிருந்தது. முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தாள். அதற்கும் போகவில்லை. அந்தப் பசையின் ஆவி பட்டால் பிளாஸ்டிக் மங்கிவிடும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? மாதக்கணக்கில் அவன் உயிரைக் கொடுத்துச் செய்ததை ஒரு பொழுதில் பாழாக்கிவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"குயிக் போட்டியா?" கட்டிலிலிருந்து குரல் வந்தது. மூக்கு இன்னும் வேலை செய்தது அவனுக்கு.

அவள் பசைக் குப்பியை முந்தானைக்குள் மறைத்தாள்.

"கொண்டா இங்க."

"வேணாங்க. பிச்சிட்டு வேற வெட்டி ஒட்டறேன். நீங்க தூங்குங்க."

"கொண்டாம்மே."

கொண்டுபோய் அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். தொட்டதற்கெல்லாம் குறை சொல்கிற ஆள். கதவு இடுக்கில் ஒரு மயிரிழை கூடினாலும் மொத்தத்தையும் உடைத்துவிட்டு முதலிலிருந்து செய்கிற ஆள். என்ன சொல்லப்போகிறானோ என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவன் ரொம்ப நேரம் பார்த்தான்.

"கரியாலூர் தாண்டிட்டோம் போலக்குது," என்றான்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தாங்க முடியவில்லை. கல்யாணமான புதிதில், பட்டறையில் வேலை முடிந்த ஒரு அம்பாசடரை ஓட்டிப் பார்க்கிற சாக்கில் அவளை ஏற்றிக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போனான். கரியாலூர் தாண்டியதும் பனி இறங்கி முன்கண்ணாடி இப்படித்தான் வெள்ளையாக மூடிக்கொண்டது. வைப்பரும் ஓடவில்லை. வண்டியை ஓரங்கட்டிவிட்டு, பனி விலகுகிற வரைக்கும் இரண்டு பேரும் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். பேசத் தெரியாத புருஷன் அன்றைக்குத்தான் வாய் ஓயாமல் பேசினான். அதற்குப் பிறகு அவர்கள் சேர்ந்து எங்கேயும் போனதில்லை. அவனுக்கு அது நினைவிருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை.

"கழட்டாத," என்றான். "அப்டியே இருக்கட்டும். எனக்குப் புடிச்சிருக்குது."

அவள் தலையாட்டினாள். வண்டியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். விளக்கு வைக்கிற நேரத்தில் அந்தக் கை கனத்தது. அதற்குமேல் அவன் எதுவும் பேசவில்லை.

மறுநாள் காலையில் வாசலில் பந்தல் போட்டு, குளிர்பெட்டி வைத்து, மேளக்காரர்களும் வந்துவிட்டார்கள். பட்டறை ஆட்கள் கிரீஸ் கறை போகாத கையோடு வந்து மாலை போட்டுவிட்டு ஓரமாக நின்றார்கள். பிள்ளை இல்லாத வீடு. கொள்ளி வைக்க வேண்டியவன் தம்பி பகலவன்தான். அழுதழுது அவன் முகம் வீங்கியிருந்தது. அவர்கள் வழக்கத்தில், செத்தவருக்குப் பிடித்த பொருளைப் பாடையில் கூடவே வைத்து அனுப்புவார்கள். பகலவன் உள்ளே வந்து அந்தச் சிவப்பு அம்பாசடரைக் கையில் எடுத்தான்.

"அண்ணி, இத அண்ணன் கூட வெச்சிடலாமா? நம்ம அப்பாவுக்கு வெத்தலப் பெட்டி வெச்சோம்ல, அது மாரி."

"அது வேணாம், பகலவா."

"கடைசியா செஞ்சது ஆச்சே அண்ணி."

"அலமாரில இத்தினி நிக்குது. எது வேணாலும் எடுத்துக்கோ. எல்லாத்தயும் வேணாலும் எடுத்துக்கோ. இது மட்டும் இங்க இருக்கட்டும்."

அவன் ஒன்றும் புரியாமல் வண்டியை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டுப் போனான். அந்த அலமாரியை இத்தனை வருஷம் கரித்துக்கொட்டியவள் இன்றைக்கு ஒரு பொம்மைக் காருக்கு மல்லுக்கு நிற்கிறாளே என்று மூலையில் இரண்டு பெண்கள் முணுமுணுத்ததும் அவள் காதில் விழுந்தது. விழுந்தால் விழட்டும். பூத்துப்போன அந்தக் கண்ணாடி ஒன்றுதான் அவளுக்கென்று அவன் விட்டுப்போனது. அதை எதிரே வைத்துப் பார்த்துக்கொண்டே மிச்சக் காலத்தை ஓட்டிவிடலாம் என்று அவளுக்கு ஒரு தைரியம் வந்திருந்தது.

வெயில் ஏறியதும் விஜயராகவனின் அத்தை ஆயம்மாள் வந்து, "எழுந்திரு தாயி, தண்ணி ஊத்தணும். பொறந்தவூட்டுக் கோடி வந்துடுச்சு," என்று அவளைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனாள். குடம் குடமாகத் தலையில் ஊற்றினார்கள். புதுச்சேலை சுற்றினார்கள். பூ வைத்தார்கள், வளையல் போட்டார்கள், இனி இதெல்லாம் இல்லை என்று கட்டிக்கொண்டு அழுதார்கள். எல்லாவற்றுக்கும் அவள் உடம்பைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தாள்.

திரும்பி வந்தபோது ஜன்னலோரம் ஒருத்தன் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சந்தோஷ். நைனார்பாளையத்தில் செல்போன் கடை வைத்திருப்பவன். இந்தச் சுற்றுவட்டாரத்தில் விஜயராகவனைப் போலவே சின்ன வண்டி செய்கிற ஒரே ஆள் அவன்தான். ஞாயிற்றுக்கிழமையானால் வந்து உட்கார்ந்து, சக்கரம், பெயின்ட் என்று இருட்டுகிற வரைக்கும் பேசிக்கொண்டிருப்பான். இப்போது கண்ணெல்லாம் சிவந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே அம்பாசடரை மடியில் வைத்து எதையோ செய்துகொண்டிருந்தான். பக்கத்தில் தேங்காய் எண்ணெய்க் கிண்ணமும், காது குடைகிற பஞ்சுக் குச்சிகளும் கிடந்தன.

அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

"அக்கா, நம்ம அண்ணன் வண்டிக்கா. முன்கண்ணாடில குயிக் ஆவி அடிச்சு மங்கிப்போய்க் கெடந்துச்சு. படுத்துக்கினே ஒட்டிருக்காரு போல, பாவம். எவனாவது பாத்துட்டு, கடைசில அண்ணனுக்குக் கைவேல மறந்துபோச்சுன்னு சொல்லிடக் கூடாதுல்ல? எண்ண தொட்டு உள்ளயும் வெளியயும் மெல்லத் தேச்சேன். விட்டுடுச்சுக்கா, பாருங்க. சுத்தமா விட்டுடுச்சு."

வண்டியை அவள் உள்ளங்கையில் வைத்தான்.

கண்ணாடி பளிச்சென்று இருந்தது. உள்ளே அரிசி மணி அளவில் கியர் முடிச்சு தெரிந்தது. முன்சீட்டின் தையல்கூடத் தெரிந்தது. நேற்று இதெல்லாம் தெரியவில்லை. அவள் கட்டை விரலால் கண்ணாடியை ஒரு தடவை தடவினாள். எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் ஒட்டியது.

சந்தோஷ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அண்ணனுக்குத் தன்னால் முடிந்த கடைசி வேலையைச் செய்துவிட்ட ஆறுதல் அவன் முகத்தில் இருந்தது. அவனிடம் என்ன சொல்வது? சொன்னால் அந்தப் பிள்ளை இன்னும் எத்தனை வருஷத்துக்குத் தூங்காமல் கிடப்பானோ.

"காலைலருந்து எதனா சாப்ட்டியா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா."

"பந்தலுக்குப் பின்னால டீ குடுக்கறாங்க. போய்க் குடி, போ."

அவன் போனதும் வாசல் பக்கம் திரும்பிப் பகலவனைக் கூப்பிட்டாள். அவன் ஈர வேட்டியோடு வந்து நின்றான்.

"இந்தா. கூடவே வெச்சிடு."

"நீங்கதான் வேணாம்னீங்க அண்ணி?"

"வெச்சிடு."

அவன் வாங்கிக்கொண்டான். ஆயம்மாள் பக்கத்தில் வந்து, "இதான் நல்லது தாயி. ஆசப்பட்ட பொருள் அவங்கூடயே போய்ச் சேரட்டும்," என்று அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். மூலையில் இருந்த பெண்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

பாடையைத் தூக்கினார்கள். தெருமுனையோடு பெண்கள் நின்றுவிட வேண்டும். சுபலட்சுமியும் நின்றாள். மேளம் முன்னால் போக, பொரி இறைத்துக்கொண்டு ஆட்கள் கரும்பு லாரிகளுக்கு ஒதுங்கி ரோட்டோரமாக நடந்தார்கள். அவன் தலைமாட்டில் சிவப்பாக வண்டி இருந்தது. உச்சி வெயில் அதன் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. ஆட்களின் முகம் அடையாளம் தெரியாத தூரத்துக்குப் போன பிறகும் அது மட்டும் மினுக்கிக்கொண்டே இருந்தது.