கண்ணாடி உடையாத படிகள்

மனைவியின் ரவிக்கையைப் பக்கவாட்டில் பிரித்துத் தையல்காரர் மெஷினில் ஓட்டிக்கொண்டிருந்தபோது மேஸ்திரி மாடியேறி வந்தார். ஆறு மாத நோயில் அவள் பாதியாக இளைத்திருந்தாள். போட்டுவிட்டால் தொளதொளவென்று இருக்கும் என்று மகள் சொன்னதும், வேறு யாரும் தொடக்கூடாது என்று இவர் உட்கார்ந்துவிட்டார். விடியற்காலை ஆஸ்பத்திரியில் உயிர் போனது. பத்து மணிக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஐந்து மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. இதுவரை அவர் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

மேஸ்திரியோ வாசலிலேயே குலுங்கிக் குலுங்கி அழுதார். தையல்காரருக்குச் சுருக்கென்றது. புருஷன் நூல் கோத்துக்கொண்டிருக்கிறான், யாரோ ஒருத்தன் அழுகிறான். போதாததற்கு மைத்துனி தண்ணீர் கொடுத்து அவரைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் இரண்டு வருஷக் கதை. அவள் நகராட்சியில் கட்டட வரைபடம் போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சமயம், பழைய தந்தி ஆபீஸைக் கடைகளாக மாற்றத் திட்டம் வந்தது. பாதுகாக்கப்பட்ட கட்டடம்தான். ஆனாலும் உள்ளே இருக்கும் கல் படிக்கட்டில் விரிசல் விழுந்து ஆபத்தாகிவிட்டது, இடித்துவிட்டு லிஃப்ட் வைக்க அனுமதி வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அவள் ஆட்சேபணை மனு போட்டாள். விரிசல் பழசு, இப்போது வளரவில்லை என்பது அவள் வாதம். அதை நிரூபிக்க ஒவ்வொரு விரிசலின் குறுக்கேயும் மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டவைத்தாள். கல் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். ஒட்டிக் கொடுத்தவர் கல் வேலையில் தேர்ந்த இந்த மேஸ்திரி.

ஞாயிறுதோறும் இருவரும் போய்ப் பார்த்து, அவளுடைய நோட்டில் குறித்துக்கொண்டு வருவார்கள். தையல் கடைக்கு வாரத்தில் லீவு என்று இருந்ததே அந்த ஒரு நாள்தான். காலையில் மூன்று டப்பாவில் சாப்பாடு கட்டுவாள். இரண்டு பையில் போகும், ஒன்று மேஜைமேல் இவருக்கு மூடி வைத்திருக்கும். சாயங்காலம் முழங்காலில் கல்தூசியோடு, பத்து வயது குறைந்த முகத்தோடு திரும்புவாள். அந்த முகத்தை இவர் சம்பாதித்துக் கொடுத்ததில்லை. நானும் வரட்டுமா என்று ஒருமுறை கேட்டதற்கு, "உங்களுக்கு அங்க போரடிக்குங்க" என்றாள். அதோடு சரி.

நேற்று மாலை அவள் தெளிவாகப் பேசியது ஒன்றே ஒன்றுதான். நாளைக்கு மூணு மணிக்கு விசாரணை, நோட்டை மேஸ்திரிகிட்ட குடுத்திடுங்க. முப்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்தவனுக்கு விட்டுவைத்த பேச்சு அவ்வளவு. தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் நோட்டைத் துணிக்கட்டுக்குள் செருகி, அதன்மேல் இன்னொரு கட்டையும் தூக்கி வைத்தார்.

அதைத்தான் மேஸ்திரி இப்போது கேட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு மெஷின் பக்கத்தில் வந்து நின்றார்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான், அண்ணே. நோட்டு இல்லாம போனா மனுவைத் தள்ளிடுவாங்க. போய்ட்டு எடுக்கறதுக்குள்ள வந்துடறேன்."

"ஆஸ்பத்திரியில எங்கயோ விட்டுப்போச்சு போல" என்றார் தையல்காரர், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மேஸ்திரி அழுதுவிட்டுப் போவார் என்று பார்த்தால், அவள் தலைமாட்டில் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

ரவிக்கையை மகளிடம் கொடுத்துவிட்டுத் தையல்காரர் உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். நோட்டை எடுத்தார். தேடியது என்ன என்று அவருக்கே தெரியும். ஒரு வார்த்தை, ஒரு சிரிப்பு, மேஸ்திரி பெயர் நெருக்கமாக எழுதிய ஒரு வரி. கிடைத்தால் வலிக்கும், ஆனால் பட்டதெல்லாம் வீண் சந்தேகமில்லை என்றாவது ஆகும். பக்கம் பக்கமாகப் புரட்டினார். தேதி, படியின் எண், விரிசலின் நீளம், கண்ணாடி நலம். கண்ணாடி நலம். கண்ணாடி நலம். மேஸ்திரி ஓர் இடத்தில்கூட இல்லை. இவரும் இல்லை. நடக்க முடியாமல் போன மாதம்கூட, 'இன்று மகள் தாங்கிப் பிடித்தாள்' என்று கிடையாது. கண்ணாடி நலம், அவ்வளவுதான். இரண்டு வருஷமும் அவள் அந்தக் கல்லோடுதான் இருந்திருக்கிறாள்.

கட்டிலில் உட்கார்ந்தார். அந்தக் கல்லை என்ன செய்ய முடியும்? அடிக்க முடியுமா?

வெளியே வந்து நோட்டை நீட்டினார். "வீட்லதான் இருந்துச்சு."

மேஸ்திரி பொய்யைப் பற்றிக் கேட்கவில்லை. நோட்டைத் திறந்து பார்த்தார், தூரத்தில் வைத்துப் பார்த்தார், பிறகு மூடினார். "இந்தப் பொடி எழுத்து எனக்குப் பிடிபடாது, அண்ணே. எப்பவும் அவங்கதான் படிச்சுச் சொல்லுவாங்க."

முப்பது வருஷமாகக் கடையின் அளவுச் சீட்டெல்லாம் எழுதியவள் அவள். அந்த எறும்பு எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் தையல்காரர். மனசுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அது சிறுபிள்ளைத்தனம் என்று தெரிந்தும் அதை அவர் விரட்டவில்லை.

"இப்ப எங்கப்பா கிளம்பறீங்க?" என்று மகள் மறித்தாள். அம்மா ஒரு வேலை சொல்லியிருக்கா என்றார்.

விசாரணை அறையில் மின்விசிறி கரகரத்தது. எதிர்த்தரப்பு இன்ஜினியர் வண்ணப் படங்களை விரித்து, எந்த நேரமும் விழக்கூடிய படிக்கட்டு என்று பேசிமுடித்தார். அதிகாரி தையல்காரரைப் பார்த்து, மனுதாரர் எங்கே என்று கேட்டார்.

"இன்னைக்குக் காலையில தவறிட்டாங்க. நான் அவங்க வீட்டுக்காரர். அவங்க எழுதுனதைப் படிக்கிறேன்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். தையல்காரர் படித்தார். முதல் படி, இரண்டாம் படி, ஞாயிறு ஞாயிறாக. பக்கத்தில் மேஸ்திரி ஒவ்வொரு எண்ணுக்கும் மெல்லத் தலையசைத்தார். நாற்பது நிமிஷம் யாரும் நிறுத்தவில்லை. தான் தனியாகச் சாப்பிட்ட நூற்றுச் சொச்சம் ஞாயிற்றுக்கிழமைகளையும் தானே உரக்க வாசித்துக்கொண்டிருப்பதுபோல் அவருக்கு இருந்தது. முடிந்ததும் அதிகாரி இன்ஜினியரிடம், இப்படி ஏதாவது அளவு உங்களிடம் உண்டா என்றார். இல்லை. வெளி நிபுணர்கள் வந்து பார்க்கும்வரை படிக்கட்டைத் தொடக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும் வழியில் மேஸ்திரி மறுபடி அழுதார். தையல்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்னும் பிடிக்கவில்லைதான்.

வீட்டு மாடிப்படி குறுகல். ஸ்ட்ரெச்சரை நேராக இறக்க முடியாது, பழகிய ஆள் முன்னால் பிடிக்கவேண்டும் என்றார்கள். மேஸ்திரி கேட்காமலே கால்பக்கம் போய்ப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகவே இறங்கத் தொடங்கினார். தலைப்பக்கம் தையல்காரர். சுமை மறைத்ததில் தன் கால் எங்கே படுகிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

"திருப்பம் வருது, அண்ணே" என்றார் மேஸ்திரி கீழேயிருந்து. "இன்னும் நாலு படி."

தையல்காரர் குனிந்து பார்க்காமல் காலை இறக்கினார்.

"மூணு."