வாளின் மூத்தவள்

பூரணவல்லி மன்னரின் வாளை மணந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மூன்று பிள்ளைகள். மூவருமே அப்பாவை உரித்து வைத்தாற்போல மெலிந்து, நெடுநெடுவென்று வளர்ந்திருந்தார்கள். அதிகம் பேச மாட்டார்கள்.

கல்யாணத்தன்று மன்னர் வடக்கே போரில் இருந்தார். வர முடியாதபோது தன் வாளை அனுப்புவது அந்த அரச குடும்பத்தின் வழக்கம். பட்டுத்துணியில் சுற்றிப் பல்லக்கில் வந்த வாளுக்குப் பக்கத்தில் பூரணவல்லியை உட்காரவைத்து முகூர்த்தத்தை முடித்தார்கள். போர் முடிந்ததும் மன்னர் வருவார் என்றார்கள். போர் முடியவில்லை. வாள் இருந்தது. அரியணையில் அதுதான் அமர்ந்தது. வழக்குகளைக் கேட்டது. குறுக்கே பேசாமல் கேட்டதால் ஊரில் நல்ல பெயரும் வாங்கியது. மதியம் பூரணவல்லி வெற்றிலை மடிக்கும்போது எதிரே மெத்தையில் படுத்திருக்கும். அவள் கோபத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாலும் பதிலுக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்படியொரு புருஷன் யாருக்கு வாய்க்கும் என்று அந்தப்புரத்துப் பெண்கள் பெருமூச்சு விட்டார்கள்.

ஓர் ஆடி வெள்ளிக்கிழமை, உச்சிவேளையில், கொலுமண்டபத்துக்குள் மன்னர் நுழைந்தார். நரைத்துப்போய், முழங்கால் வீங்கி, கையில் ஒரு கிழிந்த குடையோடு நின்றார். வாளைக் கல்யாணத்துக்கு அனுப்பிவிட்டபடியால் இருபத்திரண்டு ஆண்டும் அவர் குடையால்தான் போரிட்டிருந்தார். போர் நீண்டதற்கு அதுவே காரணம்.

"இவர் யாரும்மா?" என்றாள் மூத்த மகள் உமையாள்.

பூரணவல்லி சற்று யோசித்தாள். தன் கணவரை அனுப்பிவைத்தவர். கணவரைவிட வயதில் மூத்தவர்.

"பெரியப்பா. கும்பிட்டுக்கோ," என்றாள்.

கணவரின் அண்ணன் முன்னால் நிற்பது முறையில்லை. அவள் அரியணையிலிருந்த வாளை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய், அதை மடியில் கிடத்தி உட்கார்ந்தாள். மன்னரும் முறையை மீறவில்லை. தூணைப் பார்த்துப் பேசாமல், நடுவில் நின்ற தோழி தாயம்மையிடம் பேசினார்.

"குடை கிழிஞ்சுபோச்சாம், அம்மணி," என்றாள் தாயம்மை. "நம்ம அய்யாவைக் கூட்டிட்டுப் போகணுமாம்."

"எப்போ?"

"இப்பவேயாம்."

"இருபத்திரண்டு வருஷமா குடையும் கையுமா இருந்தவருக்கு அதைத் தைச்சுக்கத் தெரியாதான்னு கேளு."

தாயம்மை கேட்டாள். மன்னர் தலையைக் குனிந்துகொண்டார். "தெரியாதுன்னு சொல்லும்மா."

மனைவி விடை கொடுக்காமல் வாள் வாசலைத் தாண்டக் கூடாது என்பது அரண்மனை விதி. பூரணவல்லி விடை கொடுப்பதாக இல்லை. அந்த மெத்தை வெறுமையாகக் கிடப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. யாருக்கு எதிரே உட்கார்ந்து வெற்றிலை மடிப்பது?

அப்போது மன்னர் குடையை மடக்குவதற்காகத் திரும்பினார். அவர் இடுப்பில் ஓர் உறை தொங்கியது. கறுப்புத் தோல், வெள்ளிப் பூண். வடதேசத்துப் புழுதி படிந்து, உள்ளே ஒன்றுமில்லாமல், வாயைத் திறந்தபடி இருந்தது.

மடியில் வாள் அசைந்தது. இத்தனை ஆண்டுகளில் அது தானாக அசைந்ததே இல்லை. மெல்ல வழுக்கித் தரையில் இறங்கியது. மண்டபத்தைக் கடந்து, மன்னரின் கால்வழியே ஏறி, உறைக்குள் கைப்பிடி வரை போய் நின்றது. போனபோது ஒரு சத்தம் வந்தது. நெடுநாள் அடக்கிவைத்த மூச்சை விட்டாற்போல ஒரு சத்தம். அப்படியொரு சத்தத்தை அது அவளிடம் ஒருநாளும் எழுப்பியதில்லை.

பூரணவல்லிக்கு வாயிலிருந்த வெற்றிலையை மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. முறையெல்லாம் மறந்து தூணைவிட்டு வெளியே வந்து நின்றாள். மண்டபத்தில் எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். உறையை யாரும் பார்க்கவில்லை. அரண்மனைக்காரர்களுக்கு அது தெரிந்த முகம்.

"மூத்தவ ஒருத்தி இருக்கான்னு எங்கிட்ட யாரும் சொல்லலையே," என்றாள்.

அவளுடைய தகப்பனார் ஆதிமூலம், மாமனார் என்ற உரிமையில் அரியணைக்கு வலப்புறம் உட்கார்ந்திருப்பவர், சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

"ஜாதகம் பார்த்தோம். எடை பார்த்தோம். கைப்பிடியில கீறல் இருக்கான்னு வெயில்ல வச்சுப் பார்த்தோம். பட்டுத்துணியில வந்துச்சு, பூரணம். அதுக்கு முன்னால எதுக்குள்ள இருந்துச்சுன்னு கேக்கத் தோணலையே."

"உங்க யாருக்குமேவா தோணலை?"

"அரண்மனைச் சம்பந்தம். ஒவ்வொண்ணா கேட்டுக்கிட்டிருந்தா முகூர்த்தம் தப்பிடும்."

உமையாள் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். பூரணவல்லி அதை வாங்கித் தூணடியில் வைத்தாள். மன்னர் வாசலை நோக்கி ஓரடி எடுத்துவைத்தார்.

"நிக்கச் சொல்லு, தாயம்மை. நான் இன்னும் விடை கொடுக்கலை."

மன்னர் நின்றார்.

"மூத்தவளும் இங்கேயே இருந்துட்டுப் போகட்டும். ரெண்டு பேரையும் இறக்கி வைக்கச் சொல்லு. அந்தக் குடையை இப்படிக் கொண்டா."

தன் கூறைச்சேலையை எடுத்துவரச் சொல்லி, முந்தானைப் பக்கம் ஒரு முழம் கிழித்து, குடையை அவளே தைத்தாள். இரண்டு முறை ஊசி விரலில் ஏறியது. அவள் கவனிக்கவில்லை. மன்னர் குடையை விரித்துப் பார்த்து, "தையல் கெட்டியா இருக்குன்னு சொல்லும்மா," என்றுவிட்டுப் போருக்குத் திரும்பினார்.

உள்ளறையை மூத்தவளுக்கு ஒழித்துக் கொடுத்தாயிற்று. வாள் உறையைவிட்டு வெளியே வரவில்லை. வழக்குகள் தேங்கின. பூரணவல்லி தினமும் மூடிய கதவுக்கு வெளியே உட்கார்ந்து, இரண்டு பேருக்கு வெற்றிலை மடித்து வைத்தாள்.

தை மாதம், ஏழாம் மாதத்தில், உறைக்கு வளைகாப்பு நடந்தது. ஐந்து வகைச் சாதம் செய்திருந்தார்கள். முதல் வளையலைப் பூரணவல்லிதான் போட்டாள். பாதி தூரத்தில், பருத்திருந்த இடத்தில், வளையல் தடைப்பட்டது. மூத்தவளுக்கு வலிக்கக் கூடாதே என்று அவள் விரலில் எண்ணெய் தொட்டு, மெல்லத் திருகி ஏற்றினாள்.