பெட்டியில் பெயர் வேண்டாமாம்

"பெட்டியில பேர் வேண்டாம்க்கா" என்று தம்பி சொன்னபோது என் இரண்டு கையிலும் மாவு. இல்லாவிட்டால் அங்கேயே ஒன்று விட்டிருப்பேன்.

அவன் எப்போதும் எங்கள் பேக்கரியின் பின்வாசல் வழியாகத்தான் வருவான். ஒரு வருடமாக வாரம் ஒரு நாள் வந்து, ஆறு சீஸ் பன் வாங்கிக்கொண்டு போவான். பிள்ளைகளுக்கு என்பான். நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அன்று நூற்றைம்பது கேட்டான். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு எழுபத்தைந்து வயதாம், மண்டபம் பிடித்திருக்கிறார்களாம்.

"ஏன், என் பேருக்கு என்னடா வந்தது?"

"கோவப்படாதக்கா. அப்பாவுக்கு உன் பன்னுன்னா உயிரு. வாங்கிட்டுப் போற ஆறும் அவருக்குத்தான். மெயின் ரோட்டுப் பெரிய கடையில வாங்குறேன்னு சொல்லி வச்சிருக்கேன். உன்னோடதுன்னு தெரிஞ்சா தொடுவாரா? நல்ல நாளும் அதுவுமா எதுக்கு வம்பு?"

"விழாவுக்கு என்னைக் கூப்பிடலையே?"

அவன் மாவுத் தொட்டியைப் பார்த்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எட்டு வருடத்துக்கு முன் நான் இந்தக் கடைக்காரரைக் கட்டிக்கொண்டேன். அவர்கள் ஜனம் வேறு, நாங்கள் வேறு. அப்பா என்னைத் தலைமுழுகினார். நாலு தெரு தள்ளித்தான் வீடு. ஒரு நாள் வரவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. என் வீட்டுக்காரரை மாப்பிள்ளை என்று சொல்ல அவர் வாய்க்கு வரவேயில்லை. யார் கேட்டாலும் "அந்த அடுப்புக்காரன்" என்பாராம்.

ஆனால் இந்தப் பன்னுக்குள் இருக்கும் பூரணம் அப்பாவுடையது. விடுமுறை நாளில் அவரே அடுப்படிக்கு வருவார். உப்புச் சீஸை உதிர்த்து, வெங்காயத்தைக் கருகுகிற பதம் வரை வதக்கி, மிளகைத் தட்டிப் போட்டு, கொத்தமல்லித் தழை தூவிப் பிசைந்து, மெல்லிய ரொட்டிக்குள் வைத்துக் கல்லில் சுடுவார். என் வீட்டுக்காரர் பக்கத்திலோ பாலும் முட்டையும் சேர்த்துப் பிசைந்து, பொறுமையாகப் பொங்க விட்டு, பஞ்சு மாதிரி பன் சுடுவார்கள். அதற்குள் இதை வைத்தால் என்ன என்று எனக்குத்தான் தோன்றியது. முதல் நாள் அத்தனை பன்னும் வெடித்துச் சீஸெல்லாம் தட்டில் வழிந்தது. "பன்னுக்குச் சளி பிடிச்சிருக்கு" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். ஏழு மாதம் போராடினோம். பூரணத்தில் கொஞ்சம் ரொட்டித் தூள் சேர்த்து, உருண்டை பிடித்து, ஃப்ரீஸரில் கல்லாக்கி, அதன் பிறகு மாவுக்குள் வைத்து, மூடி ஒட்டின வாய் அடியில் இருக்கிற மாதிரி அடுக்கினோம். அதற்கப்புறம் ஒன்றும் வழியவில்லை. இப்போது சாயங்காலம் நாலு மணிக்கு வாசலில் வரிசை நிற்கிறது.

தம்பி போன பிறகு நான் கத்தின கத்தலுக்கு அவர் நிதானமாகப் பதில் சொன்னார். "செஞ்சு குடுத்துடேன். வயசானவர் ஆசைப்பட்டுச் சாப்பிடுறார்."

"உங்களுக்கு ரோஷமே கிடையாதா?"

"உனக்கு இருக்கிறது ரெண்டு பேருக்குப் போதும்."

ஞாயிற்றுக்கிழமை நூற்றைம்பதும் சுட்டேன். ஒவ்வொரு பெட்டியிலும் எங்கள் கடை ஸ்டிக்கரை நானே அழுத்தி ஒட்டினேன். வண்டியில் ஏற்றிக்கொண்டு நானே மண்டபத்துக்குப் போனேன். வண்டி ஓட்டி வந்த என் வீட்டுக்காரர் கீழே இறங்கமாட்டேன் என்றுவிட்டார்.

என்னைப் பார்த்ததும் தம்பிக்கு முகம் செத்துவிட்டது. புதுச் சட்டை போட்டு நடுவில் உட்கார்ந்திருந்தார் அப்பா. நேராகப் போய் அவர் முன்னால் ஒரு பெட்டியை வைத்தேன்.

"இது எங்க கடை பன். ஒரு வருஷமா நீங்க சாப்பிட்டதும் இதுதான். உங்க பிள்ளை உங்களை ஏமாத்தியிருக்கான்."

அப்பா பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்துக் கடித்தார். நிதானமாக மென்றார்.

"அவன் என்ன ஏமாத்துறது? என் பூரணம் எனக்குத் தெரியாதா? முதல் வாயிலயே தெரிஞ்சுபோச்சு."

சுற்றி நின்றவர்கள் நெகிழ்ந்துபோனார்கள். "பெத்த பாசம் எங்க போகும்?" என்று சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் அழுதுகொண்டே அவர் மடியில் விழுவேன் என்று எதிர்பார்த்தார்கள் போலும். நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டேன்.

"தெரிஞ்சேவா தின்னீங்க? தெரியாம தின்னிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். நாலு தெரு தாண்டி வர உங்களுக்கு ஒரு வருஷம் பத்தலையா? பூரணம் உங்களோடது, சரி. மாவு யாரோடது? அதைப் பிசைஞ்ச மனுஷன் கீழ வண்டியில உட்கார்ந்திருக்கார். பூரணத்தை மட்டும் நோண்டித் தின்னுட்டு மாவைத் துப்பிட்டீங்களா?"

அப்பா பன்னை இன்னொரு கடி கடித்தார். கல்லுளிமங்கன்.

"இனிமே பின்வாசல் கிடையாது. வேணும்னா நீங்களே கடைக்கு வாங்க. வரிசையில நில்லுங்க. அவர்கிட்ட வாய் திறந்து கேட்டு வாங்கிக்குங்க."

வண்டியில் ஏறி ஓவென்று அழுதேன். அவர் மாவு படிந்த கைக்குட்டையை நீட்டினார்.

திங்கள், செவ்வாய், புதன், யாரும் வரவில்லை. "அப்பா சரியாவே சாப்பிடலக்கா" என்று தம்பி போன் செய்தான். "நல்லா இருக்கட்டும்" என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு பயம் பிடித்துக்கொண்டது. எழுபத்தைந்து வயது மனிதர். கடைசிவரை வராமலே போய்விட்டால்? அப்படியும் என் கோபம் இறங்கவில்லை. தப்பு என்னுடையதா என்ன?

வியாழக்கிழமை நாலு மணிக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வரிசையில் ஒன்பதாவது ஆளாக அப்பா நின்றார். ஓடிப்போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்திருக்கலாம். நகரமாட்டேன் என்று மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வரிசை குறைந்தது. அவருக்கு முன்னால் இருந்த அம்மாள் கடைசி நாலு பன்னையும் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அடிப்பாவி, ஒன்றை விட்டிருக்கக் கூடாதா?

என் வீட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டார். "தீர்ந்துடுச்சுங்க. அடுத்த தட்டு வர நாப்பது நிமிஷம் ஆகும்."

அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். தெருவைத் திரும்பிப் பார்த்தார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

"பரவாயில்ல மாப்பிள்ளை, இருந்து வாங்கிட்டே போறேன். உட்கார ஒரு நாற்காலி கிடைக்குமா?"

எட்டு வருடம் பொறுத்தவளுக்கு இந்த நாற்பது நிமிடம் பொறுக்கவில்லை. அடுப்புக் கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டு, "சீக்கிரம் வேகுங்களேன், சனியன்களா" என்று பன்களைத் திட்டித் தீர்த்தேன்.