நீல மைப் புள்ளி

குறை கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. ஆயத்த ஆடைக் கம்பெனியில் நான் செக்கர். தைத்து முடித்த சட்டை என் மேசைக்கு வந்ததும் முதல் காரியமாக உள்பக்கத்தை வெளியே திருப்புவேன். வெளிப்பக்கம் எல்லாச் சட்டையும் அழகாகத்தான் இருக்கும். தைத்தவளின் லட்சணம் உள்ளேதான் தெரியும். விட்டுப்போன தையலோ எண்ணெய்க் கறையோ கண்ணில் பட்டால் அதன் மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன். "உனக்கு நல்லதே கண்ல படாதா?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். நல்லதைப் பார்ப்பதற்கு எனக்கு யாரும் சம்பளம் தருவதில்லை.

அப்படிப்பட்ட கண்ணோடுதான் அந்த முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குள் முதல்முறை நுழைந்தேன். முகம் பார்க்கிற மாதிரித் தரை, பிளாஸ்டிக் பூச்செடி, சுவரில் கண்ணாடி போட்ட தரச் சான்றிதழ். மேசை மேல் ஒரு சின்ன இயந்திரம் இருந்தது. "எங்கள் கவனிப்பு எப்படி?" என்று எழுதி, கீழே மூன்று பொத்தான்கள்: சிரிக்கிற பச்சை முகம், உம்மென்றிருக்கும் மஞ்சள் முகம், அழுகிற சிவப்பு முகம். பச்சைப் பொத்தான் புதுக் கருக்கு அழியாமல் இருந்தது. சிவப்புப் பொத்தான் தேய்ந்து, உள்ளே போய், மேலே வர முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தவுடனே திரும்பி நடந்திருக்க வேண்டும். ஆனால் வாசலில் வேனுக்குள் அண்ணி படுத்திருந்தார்.

அண்ணி என் கணவரின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடேயே இருந்தவர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. வாழ்நாள் முழுக்க வாயால் சம்பாதித்தார். அந்த வாயால்தான் என்னையும் வறுத்தெடுத்தார். என் சமையல், என் நடை, நான் கொடியில் துணி உலர்த்தும் அழகு, ஒன்றையும் விட்டுவைத்ததில்லை. நானும் சளைத்தவள் இல்லை; கல்யாணமான நாளிலிருந்து ஏட்டிக்குப் போட்டிதான். ஒரு காலையில் பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் சேர்ந்தே போய்விட்டன. சண்டை போட ஆளில்லாமல் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. தேம்பித் தேம்பி அழுதது நான்தான், அவருடைய தம்பி அல்ல.

வீட்டிலேயே வைத்துப் பார்க்காமல் இல்லை. மாடியில் ஒன்றரை அறை. வீட்டுக்காரர் லாரி எடுத்துக்கொண்டு போனால் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. தூக்கித் தூக்கி என் இடுப்பு விட்டுப்போனது. லீவு போட்டுப் போட்டு வேலையும் ஊசலாட ஆரம்பித்தது. வேறு இரண்டு இல்லங்களைப் போய்ப் பார்த்தோம். ஒன்றில் வாசலிலேயே மூத்திர வாடை. இன்னொன்றில் எழுந்து நடக்க முடியாதவர்களைச் சேர்ப்பதில்லை என்று கதவைச் சாத்தினார்கள். இதை விட்டால் போக்கிடம் இல்லை.

சேர்க்கும்போதே டாக்டர் சொல்லிவிட்டார். "முதுகு முடியற எடத்துல லேசா செவந்திருக்கு. ஈரத்துல விட்டா புண்ணாயிடும். சர்க்கரை இருக்கற ஒடம்பு, புண்ணு எலும்பு வரைக்கும் போயிட்டா அப்புறம் காப்பாத்தறது கஷ்டம்." அந்தச் சிவப்பு ஒரு நாணயம் அளவுதான் இருந்தது. அண்ணியின் உயிர் அதில் இருந்தது.

அதனால் எனக்குத் தெரிந்த வித்தையைச் செய்தேன். இரவு வேலைக்காரர்கள் விடிந்ததும் எல்லோருக்கும் டயபர் மாற்றிவிட்டுத்தான் கிளம்புவார்கள். நான் கம்பெனிக்குப் போகிற வழியில் நுழைந்து, அண்ணியின் டயபர் பட்டை ஓரத்தில் பேனாவால் ஒரு நீலப் புள்ளி வைத்துவிட்டுப் போனேன். பகலில் ஒருமுறையாவது மாற்றினால் புள்ளி குப்பைக்குப் போயிருக்கும். சாயங்காலம் வந்து பார்த்தேன். புள்ளி அப்படியே இருந்தது. டயபர் ஊறிக் கனத்துத் தொங்கியது.

இன்சார்ஜ் சிஸ்டரை இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன்.

"மத்தியானம் மாத்தினோமே, சார்ட்ல எழுதியிருக்கு பாருங்க."

"சார்ட்ட மாத்தியிருக்கீங்க சிஸ்டர், டயபர மாத்தல."

அன்று நான் பேயாட்டம் ஆடினேன். நடைபாதையில் சக்கர நாற்காலிகளெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தன. வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் சத்தம் கேட்டுப் பதறிப்போய் என்ன செய்தார் தெரியுமா? எழுந்து போய் அந்த இயந்திரத்தில் பச்சைப் பொத்தானை அழுத்தினார். "அவங்க மனசு கோணிடக்கூடாதுல்ல, அக்கா அவங்க கையிலதான இருக்கு," என்றார். தலையில் அடித்துக்கொண்டேன். ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்து மேற்கொண்டு திட்ட மனம் வரவில்லை.

மறுநாளிலிருந்து சாயங்காலங்களில் புள்ளி இல்லை. சிவப்பு வெளிறிக்கொண்டே வந்தது. ஒருநாள் அண்ணி இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்து, விடாமல் வைத்துக்கொண்டார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் என்னை ஒருமுறைகூடப் பாராட்டியதில்லை. அன்று ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

அண்ணிக்கு அடுத்த கட்டில் ஜன்னலோரம். அதில் இருந்தவரை எல்லோரும் ஜன்னலம்மா என்றுதான் கூப்பிட்டார்கள், ஆனால் அவருக்கு ஜன்னலில் ஒன்றும் தெரியாது. இரண்டு கண்ணிலும் புரை. கனத்த சரீரம், தானாகப் புரண்டு படுக்க முடியாது. காது மட்டும் படு கூர்மை.

"ஏம்மா, தினம் காலையில வந்து டிக்குனு ஒரு சத்தம் குடுக்கறியே, அது என்ன?"

பேனாவின் பொத்தானை அழுத்துகிற சத்தம். புள்ளி விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்கும் ஒண்ணு வெச்சு விடேன் கண்ணு. எனக்காகக் கேக்கறதுக்கு யாரும் வர்றதில்ல. மத்தியானத்துக்கு மேல ஒரே எரிச்சலா எரியுது."

ஒரு புள்ளிதானே, என் சொத்தா போகப்போகிறது? வைத்துவிட்டேன். அன்று சாயங்காலம் நான் கட்டிலருகே வருவதற்குள் கத்திக் கூப்பிட்டார். "வந்தாங்கம்மா! மத்தியானமே வந்து மாத்திட்டாங்க. பவுடர் வேற போட்டாங்க, கல்யாணப் பொண்ணு கணக்கா!" நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அண்ணியின் போர்வையை விலக்கினேன். அண்ணியின் புள்ளி அங்கேயே இருந்தது.

மறுநாளும் இருந்தது. அதற்கு அடுத்த நாளும். அந்த வாரக் கடைசியில் சிவப்பின் நடுவே தோல் உரிந்து, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்துவிட்டது.

பகல் வேலை பார்க்கும் இரண்டு ஆயாக்களில் ஒருத்திக்கு நான் ஓட்டக்காரி என்று பெயர் வைத்திருந்தேன். அவள் நடந்து நான் பார்த்ததே இல்லை. அழுக்குத் துணி மூட்டையோடு சலவை அறைக்கு ஓடிக்கொண்டிருந்தவளை மறித்தேன்.

"திட்டணும்னா திட்டுங்கக்கா. நான் துணியப் பிரிச்சுக்கிட்டே கேட்டுக்கறேன்."

"புள்ளி அப்படியே இருக்கு."

"தெரியும். பாத்தேன்." அவள் நிமிரவில்லை. "உங்க அண்ணி லேசு, நான் ஒருத்தியே பொரட்டி மாத்திடுவேன். ஜன்னலம்மாவுக்கு நாங்க ரெண்டு பேரும் வேணும். அவங்கள முடிச்சுக் கை கழுவறதுக்குள்ள சாப்பாட்டு வண்டி வந்துடும். இருபத்திரண்டு பேருக்கு ஊட்டணும். அதோட மத்தியானம் போச்சு."

"போன மாசம் மட்டும் எப்படி முடிஞ்சுது?"

"போன மாசம் ஜன்னலம்மாவ விட்டுட்டோம்."

அவள் அதை மறைக்கவும் இல்லை, அதற்காக வருந்துவதாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. மத்தியானத்துக்கு மேல் எரிகிறது என்று அந்தம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. அண்ணியின் முதுகில் ஆறிய சிவப்பு எங்கும் போய்விடவில்லை, அடுத்த கட்டிலுக்குத்தான் போயிருந்தது.

"யாராவது ஒருத்தர் தினமும் கெடக்கத்தான் போறாங்கக்கா," என்றாள் ஓட்டக்காரி. "அது யாருங்கறதத்தான் உங்க புள்ளி மாத்துது. ரெண்டு பேருக்கும் வெச்சா நாங்க என்ன பண்றது? யார விடணும்னு நீங்களே சொல்லிடுங்க. எனக்காவது கொஞ்சம் பாவம் கொறையும்."

எனக்கு அவள் மேல் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. இன்னும் ஆள் போடுங்கள் என்று இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேட்டேன். விளம்பரம் போட்டிருக்கிறோம், யாரும் நிலைப்பதில்லை என்றார். மேலே, அரசாங்க ஆபீசுக்கு எழுதிப் போட்டேன். அதிசயமாக ஒரு அதிகாரி சோதனைக்கே வந்தார்.

அவர் வரப்போவது எங்களுக்கு முன்பே இல்லத்துக்குத் தெரிந்திருந்தது. அன்று வார்டில் எட்டு ஆயாக்கள். ஆறு பேரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. காற்றில் எலுமிச்சை வாசனை. அதிகாரி சார்ட்டைப் புரட்டினார், தரையைப் பார்த்தார், ஜன்னலம்மாவிடம் குனிந்து, "நல்லா பாத்துக்கறாங்களாம்மா?" என்று கேட்டார். பக்கத்திலேயே இன்சார்ஜ் சிஸ்டர் நின்றுகொண்டிருந்தார்.

"ராஜாத்தி மாதிரி பாத்துக்கறாங்க சார்."

"அண்ணிய ஒரு தடவ பொரட்டிப் பாருங்க சார்," என்று நான் கெஞ்சினேன்.

"லேடீஸ் வார்டும்மா, நான் எப்படிப் பாக்கறது?" என்று சங்கடமாகச் சிரித்தார். உள்பக்கம் திருப்பாமல் சட்டையை அனுப்புகிற செக்கரை எங்கள் கம்பெனியில் மறுநாள் உள்ளேயே விடமாட்டார்கள். இவர் ஒரு டீயைக் குடித்துவிட்டுப் போனார். வரவேற்பறைச் சுவரில் இரண்டாவது சான்றிதழ் ஏறியது.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று ஜன்னலம்மாவைக் கேட்டேன். "அவரு போயிடுவாரு கண்ணு. நான் இங்கதான கெடக்கணும்," என்றார்.

மறுநாள் காலை அண்ணியின் புண்ணுக்கு மருந்து வைக்கும்போது இன்னும் கொஞ்சம் ஆழமாகியிருந்தது. மட்டமான ஒரு வாடை வந்தது. அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். பேச்சு இருந்திருந்தால் வார்டே கிடுகிடுத்திருக்கும். பேனாவை எடுத்து அவருடைய பட்டையில் அழுத்தமாக, பெரிதாக, ஒரு புள்ளி வைத்தேன்.

"என் பக்கம் வரலயா கண்ணு?" ஜன்னலம்மா காத்துக்கொண்டிருந்தார். நைட்டியை அவரே இடுப்பு வரை ஏற்றி வைத்திருந்தார், எனக்குச் சிரமம் வேண்டாம் என்று.

போனேன். அவர் தலைமாட்டில் நின்று பேனாவை அழுத்தினேன். டிக். முனை வெளியே வந்தது. இன்னொருமுறை அழுத்தினேன். டிக். முனை உள்ளே போய்விட்டது. மை இல்லாத நுனியை அவர் பட்டையில் வைத்து, வழக்கம்போல் அழுத்தி எடுத்தேன். பட்டை வெள்ளையாகவே இருந்தது.

"ரெண்டு தடவ டிக்குனு கேட்டுச்சே," என்றார் அவர். "ரெண்டு புள்ளியா?"

அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எக்ஸ்சேஞ்சில் சத்தத்தை வைத்தே யார் எந்த லைனில் என்று சொன்னவருடைய காது அது. அவரைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஆமாம்மா, ரெண்டு," என்றேன்.

"நல்லாயிருப்ப நீ," என்று ஜன்னலம்மா என் கையைத் தேடித் தடவிக்கொடுத்தார். "அப்ப இன்னைக்கு எனக்குத்தான் மொதல்ல வருவாங்க."

கம்பெனியில் அன்று எத்தனையோ சட்டைகள் என் மேசையைத் தாண்டிப் போயின. ஒன்றில்கூட நான் ஸ்டிக்கர் ஒட்டவில்லை. சூப்பர்வைசர் வந்து ஒருமாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் அண்ணியின் போர்வையை விலக்கினேன். புள்ளி இல்லை. புது டயபர், காய்ந்த துணி, புண்ணைச் சுற்றி மருந்து. அண்ணி என் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

ஜன்னலோரத்திலிருந்து மெதுவாகக் குரல் வந்தது.

"வந்துட்டியா கண்ணு? இன்னைக்கு யாருமே வரலம்மா. மறந்துட்டாங்க போல, பாவம், அவங்களும் எத்தன பேரத்தான் பாப்பாங்க." அவர் நைட்டியை இழுத்துவிட்டுக்கொள்ளப் பார்த்தார், கை எட்டவில்லை. "நாளைக்கு மூணா வெச்சு விடு."