கடைக்குட்டியின் வீடு

அமெரிக்காவில் பழசு என்று சொல்ல ஒன்றுமே கிடையாது என்பது பேரின்பநாதனின் தீர்ந்த முடிவு. மனுஷன் சிவில் எஞ்சினியர். பன்னிரண்டு வருஷமாக டெக்சாஸில் பாலம் கட்டுகிறார். "அறுபது வருஷம் ஒரு கட்டடம் நிண்டால் பித்தளைத் தகடு அடிச்சுக் கும்பிடுற நாடு" என்று காப்பெல் என்ற ஊரில் தன் வீட்டுக்கு வந்துபோகிற எல்லோரிடமும் சொல்லி ஆயிற்று. அப்படிப்பட்டவர் 1986 ஆகஸ்டில், மனைவி தவமணிதேவியையும் பத்து வயது மகள் கலைமகளையும் காரில் ஏற்றிக்கொண்டு, நியூ மெக்ஸிகோ மலைகளுக்குள் எண்ணூறு வருஷத்துக் கிராமம் ஒன்றைப் பார்க்கப் புறப்பட்டார். பழமைமேல் திடீர்க் காதல் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இரண்டு வாரமாகத் தவமணி சாப்பாட்டைத் தொடவில்லை. அவளை வீட்டைவிட்டு எங்காவது கொண்டுபோக வேண்டும் என்பதுதான் காரணம்.

அவள் சாப்பிடாததற்குக் காரணம் அவளுடைய அம்மா. யாழ்ப்பாணத்தில், வண்ணார்பண்ணையில், எழுபத்திரண்டு வயதில் தனியே ஒரு வீட்டில் இருக்கிறார். கோட்டைக்குள் இருக்கும் ராணுவம் நினைத்தபோதெல்லாம் ஷெல் அடிக்கிறது. போன மாதம் ஒன்று வந்து கிணற்றடி மதிலைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அம்மாவை ஸ்பொன்சர் பண்ணுவதற்காகவே தவமணி அமெரிக்க சிட்டிசன் ஆனாள். ஓடி ஓடிப் பேப்பர் எல்லாம் சரிபண்ணி, கொழும்பில் விசா இண்டர்வியூவுக்கு ஆகஸ்ட் இருபத்தெட்டு என்று தேதியும் வந்துவிட்டது. அம்மா வரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்.

வீடுதான் அதற்குக் காரணம். யாழ்ப்பாணத்தில் வீடு பெண்ணோடு போகும். மூத்தவளுக்கு ஒன்று, நடுவிலாளுக்கு ஒன்று, தாய் தகப்பன் குடியிருக்கிற வீடு கடைக்குட்டிக்கு. தவமணி கடைக்குட்டி. அவளுடைய கல்யாணத்துக்கு முதல்நாள் அந்த வீட்டைச் சீதனமாக அவள் பெயரில் எழுதினார்கள். அன்றிலிருந்து அம்மா தன்னை அந்த வீட்டின் காவல்காரியாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார். பிள்ளையின் சொத்தை விட்டுவிட்டு வந்தால் நாளைக்குப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது என்பது அவர் கேள்வி.

அம்மா வீட்டில் தொலைபேசி இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, திங்கட்கிழமை காலையில், அம்மா பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் புரொக்டர், அதாவது வக்கீல், தர்மராசாவின் வீட்டுக்குப் போன் பேச வந்து காத்திருப்பார். இங்கே அது ஞாயிறு மாலை. போன தடவை பேசும்போது தவமணிக்குப் பொறுமை போய்விட்டது. அந்த வீடு எனக்கு வேண்டவே வேண்டாம், எரிந்தால் எரியட்டும், கேட்கிறவனுக்குத் தூக்கிக் கொடுங்கள் என்று கத்திவிட்டாள். நல்லதுக்குத்தான் கத்தினாள். மறுமுனையில், "சரி பிள்ளை" என்று மட்டும் சொல்லி அம்மா வைத்துவிட்டார். வருகிற ஞாயிறு இன்னொரு அழைப்பு. இண்டர்வியூவுக்கு முன்னால் அதுதான் கடைசி.

வெள்ளிக்கிழமை விடிய எழுந்து, சீனிச்சம்பல் வைத்த பாண் ரொட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அமரில்லோ நகரம் தாண்டியும் தவமணி தன் பங்குப் பாணைப் பிரிக்கவில்லை. சான்டா ஃபே நகரில் ஒருநாள் தங்கினார்கள். ஊரெல்லாம் மண் நிறம். தாஜ்மகாலுக்குக் கல் எடுக்கும் முன்பே கட்டத் தொடங்கிய கவர்னர் மாளிகை ஒன்று, தரையோடு தரையாகத் தாழ்வாரம் இறக்கி நடுச்சந்தியில் கிடந்தது. அதன் நிழலில் பெண்கள் கம்பளி விரித்து வெள்ளி நகை விற்றார்கள். பேரின்பநாதன் சுவரைத் தட்டிப் பார்த்து, பரவாயில்லை என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வருவதே பெரிய விஷயம்.

ஞாயிறு காலை ஆக்கோமா என்ற அந்தச் செவ்விந்தியக் கிராமத்துக்குப் போனார்கள். பெருவழியை விட்டு இறங்கி வெகுதூரம் ஓடியபின் ஒரு பள்ளத்தாக்கு திறந்தது. அதன் நடுவில், சுற்றிவர ஒன்றுமில்லாத வெளியில், முப்பத்தைந்து மாடி உயரத்துக்கு ஒரே பாறை நெட்டுக்குத்தாக நின்றது. அதன் தலை கத்தியால் சீவியதுபோல் மட்டமாக இருந்தது. ஊர் எங்கே என்று கலைமகள் இங்கிலீஷில் கேட்டாள். பேரின்பநாதன் காரை நிறுத்திவிட்டுக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பாறையின் உச்சியில் இருந்த விளிம்பு பாறை அல்ல, வீடுகள். அது பிடிபட்டதும் தவமணிக்கு உடம்பு சிலிர்த்தது. பொலன்னறுவையில் அரசர்கள் இருந்த காலத்திலேயே யாரோ அங்கே ஏறி அடுப்பு மூட்டியிருக்கிறார்கள்.

கீழே சீட்டு வாங்கினால் ஒரு வேனில் மேலே கொண்டுபோகிறார்கள். வேன் ஏறும் பாதை, அந்த ஊர்க் கணக்கில், நேற்று வந்தது. அதற்கு முன்னால் பாறையில் கைவிரல் நுழையக் குடைந்த குழிகளைப் பிடித்துத்தான் ஏற்றம். வழிகாட்டியாக வந்த டொலோரஸுக்கு ஐம்பது வயதிருக்கும். கட்டையான, அவசரமில்லாத பெண். அந்த ஊர்க்காரி. அவள் பின்னால் நடந்தார்கள். கல்லும் மண்ணும் குழைத்துக் கட்டிய மூன்றடுக்கு வீடுகள் வரிசை வரிசையாக நின்றன. மேல்தட்டுக்குப் போகச் சுவரில் ஏணி சாத்தியிருந்தது. மின்சாரக் கம்பி இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை. பாறைக் குழிகளில் தேங்கும் மழைநீர்தான் அந்தக் காலத்துத் தண்ணீர். காற்று ஒன்றுதான் அங்கே சத்தம் போட்டது.

கோயில் என்று அவர்கள் சொல்வது ஒரு கத்தோலிக்கத் தேவாலயம். முந்நூற்றைம்பது வருஷம் பழையது. உள்ளே நுழைந்ததும் குளிர் காலைப் பிடித்தது. தலைக்குமேல் முழுமுழு மரமாக உத்தரங்கள். அந்த மரங்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டார் பேரின்பநாதன். டொலோரஸ் அவரை வெளியே கூட்டிவந்து வடக்கே கையைக் காட்டினாள். வானத்தின் ஓரத்தில் நீலமாக ஒரு மலை தெரிந்தது. முப்பது மைல். தோளிலே சுமந்து வந்தார்கள், வழியில் ஒரு இடத்திலும் நிலத்தில் வைக்கவில்லை என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள் என்றாள். கோயிலுக்கு முன்னால் இருந்த இடுகாட்டையும் காட்டினாள். பாறையில் குழி தோண்ட முடியாது. ஆகவே இறந்தவர்களைப் புதைப்பதற்கென்று, கீழே இருந்து கூடை கூடையாக மண் சுமந்து, அந்தப் பெரிய முற்றத்தையே நிரப்பினார்களாம். நாற்பது வருஷம் ஆயிற்றாம்.

எஞ்சினியர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். நீளம், அகலம், ஆழம், ஒரு கூடைக்கு எத்தனை இறாத்தல் எடை என்று கலைமகளின் படக் கொப்பியில் எழுதத் தொடங்கினார். பாதியில் நிறுத்திப் பென்சிலைத் திரும்ப வைத்துக்கொண்டார். "இதையெல்லாம் கணக்குப் பாக்கிறது பிழையப்பா" என்றார் தவமணியிடம். அவர் கண் கலங்கியிருந்ததை அவள் பார்த்தாள், பார்க்காததுபோல் இருந்தாள்.

திரும்பும்போது டொலோரஸ் ஒரு நீலக் கதவுக்கு முன்னால் நின்று, இது என் வீடு என்றாள். கதவு பூட்டிக் கிடந்தது. நீங்கள் இங்கேதானா இருக்கிறீர்கள் என்று கலைமகள் கேட்டாள். இல்லையாம். இருப்பது கீழே, பதினைந்து மைல் தள்ளி, குழாயும் பிரிட்ஜும் உள்ள வீட்டில். மேலே வருஷம் முழுக்க இருப்பது பத்துப் பன்னிரண்டு குடும்பம்தான். திருவிழாவுக்கு எல்லாரும் ஏறி வருவார்கள். அதற்கு முன்னால் பெண்கள் வந்து சுவருக்கு மண் பூசுவார்கள். அப்புறம் அவள் போகிறபோக்கில் ஒன்று சொன்னாள். நான் கடைசி மகள், எங்களில் வீடு கடைசி மகளுக்குத்தான்.

தவமணி நின்ற இடத்தில் நின்றாள். உலகத்தின் மறுபக்கத்தில், பாறைக்கு மேலே, அவளுடைய அம்மாவின் சட்டம். அது எப்படி இங்கே வந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை. விளங்காததே பெரிய கும்பிடுபோல நெஞ்சில் நிறைந்தது. ஒருவரும் குடியிருக்காவிட்டால் வீடு போய்விடாதா என்று கேட்டாள். எத்தனை நாளாய் மனசில் கிடந்த கேள்வி.

டொலோரஸுக்குக் கேள்வியே பிடிபடவில்லை. எங்கே போகும் என்றாள். ஒருமுறை ஸ்பானியர்கள் வந்து ஊரையே எரித்தார்கள், நூற்றுக்கணக்கில் கொன்றார்கள், மிஞ்சியவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தப்பியவர்கள் திரும்பி வந்து கட்டினார்கள். "நான் கீழே படுத்தாலும் இது என்னுடையதுதான்" என்றாள். அதில் பெருமைகூட இல்லை. கை என்னுடையது என்பதுபோல் சொல்லிவிட்டு, அடுத்த வீட்டைக் காட்ட நடந்தாள்.

மாலையில் கிராண்ட்ஸ் என்ற சிற்றூரில் ஒரு மோட்டலில் இறங்கினார்கள். கலைமகள் டிவிக்கு முன்னால் உட்கார்ந்தாள். தவமணி ஒப்பரேட்டரிடம் நம்பரைச் சொல்லிவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் இருந்தாள். ஏழு தடவை மணி அடித்தபின் அம்மாவின் குரல் வந்தது, கடலுக்கு அடியில் இருந்து வருவதுபோல.

வழக்கம்போலத்தான் ஆரம்பித்தது. சுகமா, சாப்பிட்டாயா, பிள்ளை படிக்கிறாளா. இண்டர்வியூ என்று தவமணி சொன்னதும் அம்மா குறுக்கே விழுந்தார்.

"இஞ்சை பார் பிள்ளை, நீ வேண்டாமெண்டு சொல்லிப்போட்டாய். சரி. ஆனால் உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாமெண்டால் அந்த வீட்டுக்கு ஆர் இருக்கினம்? நான் இருந்திட்டுப் போறன்."

தவமணி வாயைத் திறந்தாள். வழக்கமான பதில் நுனிநாக்கில் வந்து நின்றது. வீடா உயிரா என்று கேட்கும் அந்தப் பதிலை இரண்டு வருஷமாக எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். அப்போதுதான் தான் செய்து வந்த மடத்தனம் முழுதாகத் தெரிந்தது. அம்மா காத்துக்கொண்டு இருப்பதைத் தான் குப்பை என்று சொல்லச் சொல்ல, அம்மாவுக்கு அதை யாரிடம் ஒப்படைப்பது என்று தெரியாமல் போயிருக்கிறது. உடையவள் கைவிட்ட வீட்டைக் காவல்காரி எப்படி விட்டுவிட்டு வருவாள்?

"அம்மா, அண்டைக்கு நான் சொன்னது பொய்" என்றாள். "அது என்ரை வீடு. நீங்கள் எழுதித் தந்த வீடு. எனக்கு வேணும்."

பேரின்பநாதன் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கேக்குதா அம்மா? என்ரை வீடு, நான் சொல்லுறன். பூட்டுங்கோ. பூட்டிப்போட்டு பஸ் ஏறுங்கோ."

அம்மா கேட்டார்: "எவ்வளவு நாளைக்கெண்டு பூட்டுறது, பிள்ளை?"

அதற்கு யாரிடம் பதில் இருந்தது? கோட்டைக்குள் இருந்த ராணுவத்துக்குத் தெரியாது, வெளியே துவக்கோடு நின்ற இயக்கங்களுக்கும் தெரியாது. தவமணிக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனாலும் குரல் நடுங்காமல் வந்தது.

"நான் வந்து திறக்குமட்டும்."

அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. யாரோ புரொக்டர் வீட்டில் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்பதும், அம்மா வேண்டாம் என்பதும் கேட்டது.

"சரி" என்றார் அம்மா. "சொந்தக்காரி சொல்லுறாய். பிறகென்ன, வாறன்."