பன்னிரண்டு மரங்களின் பட்டை

காலை ஏழு நாற்பதுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஜீப் ஓடு சுடும் ஆலையின் வாசலில் நின்றது. ஆய்வாளர் இறங்கினார். ஐம்பது வயதுப் பெண்மணி. கையில் ஐந்து கட்டங்கள் கொண்ட கம்பிச் சட்டம், கழுத்தில் பூதக்கண்ணாடி.

ஃபோர்மேன் அவரை நேராக மரங்களிடம் அழைத்துப் போனார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், புகை அதிகம் என்று வாரியம் சூளையை அணைக்கச் சொன்னது. புகைபோக்கியில் ஃபில்டர் வைக்கிறோம் என்று எழுதிக் கொடுத்து ஆலை தவணை வாங்கியது. தவணை இந்த மாதத்தோடு முடிகிறது. வந்த கடிதத்தில் ஒரே வரி: வளாகத்தின் பன்னிரண்டு மரங்களின் பட்டை ஆய்வு செய்யப்படும். தேறாவிட்டால் சூளை அணையும். அறுபத்து மூன்று பேர் வீட்டுக்குப் போவார்கள்.

ஆய்வாளர் முதல் மரத்தில் சட்டத்தைக் கட்டிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். இரண்டாவது மரம். மூன்றாவது. நான்காவதில் சட்டத்தைக் கட்டவில்லை. பட்டையை விரலால் தடவினார். நீளநீளமாகக் கீறல்கள்.

"என்ன பண்ணீங்க இதை?"

"சுத்தம் பண்ணோம் மேடம். தேமல் மாதிரி வட்டம் வட்டமாப் படர்ந்திருந்துச்சு. கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சோம். மூணு நாள் வேலை."

"ஏன்?"

"போன தடவை வந்த சார் ஒவ்வொரு வட்டமா எண்ணி எழுதிக்கிட்டுப் போனார். குறை எண்ணுறார்னு நினைச்சோம். அப்ப கொஞ்சம்தான் இருந்துச்சு. இப்ப பார்த்தா மரம் பூரா. பயந்துட்டோம்."

ஆய்வாளர் மரத்தடியில் கிடந்த கல்லில் உட்கார்ந்தார்.

"அது லைக்கன். பூஞ்சையும் பாசியும் ஒண்ணாக் குடித்தனம் பண்ற உயிர். பூஞ்சை வீடு கட்டும், பாசி சமைக்கும். வேர் கிடையாது. மழையிலயும் காத்துலயும் வர்றதை அப்படியே உறிஞ்சும். காத்து கெட்டா முதல்ல சாகறது அதுதான். மரத்துக்கு ஒரு கெடுதலும் பண்ணாது."

"அப்ப நிறைய இருந்தா..."

"ஃபில்டர் ஒழுங்கா வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

ஃபோர்மேன் மரத்தைப் பார்த்தார். மரம் பளிச்சென்று இருந்தது.

"புகை மீட்டர் வச்சுப் பாருங்க மேடம்."

"மீட்டர் இன்னிக்குப் புகையைத்தான் சொல்லும். இன்னிக்கு மட்டும் நெருப்பைக் குறைச்சு வைக்கலாம். மூணு வருஷத்தையும் மரம்தான் சொல்லும்."

"திரும்ப வளராதா?"

"ஒரு வட்டம் வருஷத்துக்கு ரெண்டு, மூணு மில்லிமீட்டர்தான் வளரும். மரம் பூரா புதுசு புதுசா முளைச்சுப் படர மறுபடி மூணு வருஷம் ஆகும்."

பின்னால் யாரோ கனைத்தார்கள். ஃபோர்மேனின் மனைவியின் தம்பி. நாற்பது வயது, தொப்பை. எந்த வேலையைச் சொன்னாலும் 'நாளைக்கு' என்பான். ஆலையில் அதுவே அவன் பெயர்.

"மாமா, திட்டக்கூடாது."

"சொல்லித் தொலை."

"சூளைக்குப் பின்னால இருக்கிற ரெண்டை நான் தேய்க்கல."

"முடிச்சாச்சுன்னு சொன்னியேடா!"

"முடிச்ச மாதிரிதான் இருந்துச்சு."

மூவரும் ஓடாத குறையாகச் சூளையைச் சுற்றிப் போனார்கள். புகைபோக்கிக்கு மிக அருகில் இரண்டு மரங்கள். அடியிலிருந்து கிளைவரை சாம்பல் பச்சை வட்டங்கள், மஞ்சள் பொட்டுகள். ஒரு கவட்டையில், சிறு இலைகள் மடிந்து மடிந்து கிடப்பதுபோல ஒன்று. ஆய்வாளர் அதன் முன் வெகுநேரம் நின்றார்.

"நல்ல காத்து இல்லேன்னா இது வராது" என்றார்.

எண்ணி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

"அப்ப தேறிட்டோமா?" என்றான் 'நாளைக்கு'.

"பன்னிரண்டு மரம் வேணும். ரெண்டுதான் இருக்கு. மீதிப் பத்துக்கு என்ன ஆச்சுன்னு நான் எழுதியாகணும். ஒண்ணுமே வளராததை மறைக்கத்தான் தேய்ச்சாங்கன்னு வாரியத்துல படிக்கிறவங்க நினைக்கலாம்."

படிவத்தின் கடைசிக் கட்டத்தைக் காட்டினார். பட்டைச் சேதத்துக்குப் பொறுப்பு: பெயர், காரணம்.

'நாளைக்கு' கையை நீட்டினான். "என் பேரைப் போடுங்க மாமா. நீங்க இல்லேன்னா சூளை ஓடாது."

"செய்யாத வேலைக்கு நீ எப்படிடா பொறுப்பு?"

ஃபோர்மேன் பேனாவை வாங்கித் தன் பெயரை எழுதினார். லைக்கனை எப்படி எழுதுவது என்று ஆய்வாளரிடம் கேட்டு, காரணத்தையும் எழுதினார். 'லைக்கன் நல்லது என்று தெரியாமல் தேய்த்துவிட்டோம்.' எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தார்.

"இதை அங்க யாராவது நம்புவாங்களா, மேடம்?"